காசியின் இன்னொரு தீபாவளி: வாசகர் கேள்வி – பதில்

காசிப் படித்துறைகளில் கார்த்திகைப் பௌர்ணமியன்று விளக்கேற்றுகிற தேவ தீபாவளி பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் பாதித் தமிழ்நாடு காசிக்கு மூட்டை கட்டுகிறது போலிருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி, காசி அனுமான் காட்டில் (இங்கே காட் என்றால் படித்துறை) குடித்தனம் செய்ய வந்தவள். பாரதியார் பிள்ளைப் பிராயத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்தாரே, அந்தத் தெருக்கள்தான். இன்றும் விடிகாலையில் எங்கள் சந்தில் கிரைண்டர் சத்தம் கேட்கும், ஃபில்டர் காபி வாசனை வரும். டூர் ஏஜென்ட் சொல்கிற மாதிரி என்னால் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

"போன வருஷம் தீபாவளிக்குக் காசி போனோம். தங்க அன்னபூரணியைக் கண்குளிரச் சேவித்தோம். ஆனால் செல்போன் வீடியோவில் வருகிற மாதிரி படித்துறை முழுக்க விளக்கு இல்லையே? டூர்காரர்கள் ஏமாற்றிவிட்டார்களா?"
– ஒரு வாசகி, கும்பகோணம்

ஏமாற்றவில்லை. நீங்கள் பார்த்தது ஒரு தீபாவளி, வீடியோவில் வந்தது வேறொரு தீபாவளி. தங்க அன்னபூரணி சந்நிதி வருஷத்தில் சில நாள்தான் திறக்கும். தன்தேரஸ் எனப்படும் திரயோதசியன்று திறந்து, அமாவாசைக்கு அடுத்து வருகிற அன்னகூடம் என்கிற அன்னப் படையல் திருநாளோடு மூடிவிடுவார்கள். அந்த அமாவாசை ராத்திரி இந்த ஊரில் வீட்டுக்கு வீடு லட்சுமி பூஜை. ஆற்றங்கரையில் ஆர்ப்பாட்டம் அதிகம் இருக்காது.

அதற்குப் பதினைந்தாம் நாள் பௌர்ணமி. சிவபெருமான் முப்புரம் எரித்த நாள் என்றும், தேவர்களே கங்கைக் கரைக்கு இறங்கி வந்து விளக்கேற்றினார்கள் என்றும் ஐதீகம். அதனால் அது தேவர்களின் தீபாவளி. நம் பக்கத்தில் முப்புரம் எரித்த தலம் எது என்று கேட்டால் பண்ருட்டிக்காரர்கள் உடனே திருவதிகை என்பார்கள். அதே கதைதான், இங்கே விளக்கு ரூபத்தில் நடக்கிறது.

தேதிக் குழப்பமும் உங்களுக்கு மட்டும் இல்லை. வடக்கே பௌர்ணமியோடு மாதம் முடிகிறது. அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி பல வருஷங்களில் நமக்கு ஐப்பசிப் பௌர்ணமியாக இருக்கும். 2024-இல் நவம்பர் 15, 2025-இல் நவம்பர் 5. இரண்டு தடவையும் நம்மூர்ச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடந்த அதே நாள்தான். 2026-இல் நவம்பர் 24-ஆம் தேதி வருகிறது. அன்றைக்குத்தான் திருவண்ணாமலையிலும் தீபம். எங்கே போவது என்று இப்போதே வீட்டில் பஞ்சாயத்து வைத்து முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

*

"அன்று ராத்திரி படகில் ஒரு சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? படகு இல்லாமல் பார்க்கவே முடியாது என்கிறார்களே?"
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

படகு இல்லாமல்தான் நன்றாகப் பார்க்க முடியும் என்பது என் கட்சி. என் வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. எங்களுக்குள் இது தீராத வழக்கு.

அவர் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்கே அஸ்ஸியிலிருந்து வடக்கே ராஜ்காட் வரை கரை பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், 84 படித்துறை. நடு ஆற்றில் இருந்தால்தான் அந்த வளைவு மொத்தமும் கண்ணில் அகப்படும். உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஊரில் மிதக்கிற எல்லாப் படகும் அதே நடு ஆற்றில்தான் இருக்கும். பஜ்ரா எனப்படும் இரண்டு மாடிப் படகுகள் ஒரு பக்கம், மோட்டார் படகுகள் ஒரு பக்கம், நடுவில் துடுப்புப் போடக்கூட இடமில்லாமல் சின்னப் படகுக்காரன் கத்திக்கொண்டிருப்பான். தசாசுவமேதப் படித்துறைக்கு எதிரே போனால் ஆரத்தி முடிகிறவரை முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் நகர முடியாது. பக்கத்துப் படகின் புகை உங்கள் மூக்கில், அதன் பாட்டு உங்கள் காதில். மூன்று மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். படகில் பாத்ரூம் கிடையாது என்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்லிவிட்டேன்.

என் பக்க நியாயம் நிலா. காசியில் கங்கை வடக்கு நோக்கிப் போகிறாள். படித்துறை எல்லாம் கிழக்குப் பார்த்தவை. எதிர்க்கரையில் கட்டடம் கிடையாது, வெறும் மணல். நவம்பரில் ஐந்தேகால் வாக்கில் நம் முதுகுக்குப் பின்னால், சந்துகளுக்கும் மாடிகளுக்கும் பின்னால், சூரியன் விழும். பௌர்ணமியாகையால் கிட்டத்தட்ட அதே நேரத்தில் எதிரே மணலுக்கு மேல் நிலா எழும்பும். முதலில் அழுக்குச் சிவப்பாக, பெரிசாக, புகையோடு புகையாகத்தான் தெரியும்; அது நிலாதானா என்று பக்கத்தில் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் படிகளில் முதல் விளக்குகள் ஏறும். படகில் இருக்கிறவர்கள் எல்லோரும் கரையைப் பார்த்துச் செல்போனை நீட்டிக்கொண்டிருப்பார்கள், நிலா அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து போய்விடும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "கழுத்தைத் திருப்பினால் போச்சு" என்பார். திருப்பினவர்களை நான் பார்த்ததில்லை.

ஆகவே ஒரே படித்துறையைத் தேர்ந்தெடுத்து மூன்றரை மணிக்கே போய் உட்காருங்கள். எட்டு மணி வரை எழுந்திருக்காதீர்கள். எல்லாப் படித்துறையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

எந்தப் படித்துறை? தசாசுவமேதம் வேண்டாம். ஆரத்தி, மேடை, ராணுவ வீரர்களுக்கு அஞ்சலி எல்லாம் அங்கே பிரமாதமாக நடக்கும், ஆனால் டி.வி.யில் அதைவிட நன்றாகத் தெரியும். சேத் சிங் காட்டில் கோட்டைச் சுவர் மேல் லேசர் காட்சி. சின்னப் பிள்ளைகள் ரசிப்பார்கள், எனக்குத் தலைவலி. நம் ஜனங்களுக்குக் கேதார் காட் வசதி. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர், பக்கத்தில் குமரகுருபரர் நிறுவிய மடம். காலெடுத்து வைத்தால் யாராவது தமிழில் "எந்த ஊரு?" என்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு தடவைதான் வரப்போகிறீர்கள் என்றால் வடக்கே பஞ்சகங்கா காட்டுக்குப் போங்கள். கார்த்திகை மாதம் முழுக்க அங்கே ஆகாச தீபம் ஏற்றுவார்கள். நெட்டையான மூங்கில்கள் நட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் பிரம்புக்கூடை. சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துக் கூடையைக் கீழே இறக்கி, உள்ளே விளக்கை வைத்து, கிறீச் கிறீச்சென்று மறுபடி மேலே இழுப்பார்கள். கூடையின் பின்னல் வழியாகத்தான் வெளிச்சம் வரும். காற்றில் விளக்கு அணையாது. முன்னோர்களுக்கு வழி காட்டுகிற வெளிச்சம் என்பது நம்பிக்கை. அங்கேயே அகல்யாபாய் ஹோல்கர் பேரைச் சொல்லும் கல் தீபஸ்தம்பம் ஒன்று உண்டு. ஹஸாரா என்பார்கள், உடம்பெல்லாம் விளக்கு வைக்க மாடங்கள். இந்தப் பௌர்ணமியன்று அதை முழுக்க ஏற்றுவார்கள்.

இதற்கு மேலும் படகுதான் வேண்டும் என்றால், பட்டப்பகலில் போய்ப் படகைக் கண்ணால் பார்த்துப் பேசுங்கள். போட்டோவைக் காட்டிப் பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். துடுப்புப் படகு, கேதாரிலிருந்து சிவாலா படித்துறை வரை போய்த் திரும்ப, நாலரைக்கு ஏறி ஆறரைக்குள் இறங்குகிற மாதிரி. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏற வேண்டாம். பாதிப் பணம் இறங்கிய பிறகு.

*

"நாமும் விளக்கேற்றலாமா, அல்லது அங்கே உள்ளவர்கள் மட்டும்தானா? ஊரிலிருந்து அகல் கொண்டுவரட்டுமா?"
– ஒரு வாசகி, காரைக்குடி

அகலைச் சுமக்காதீர்கள், ரயிலில் பாதி உடையும். இங்கே மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும். காரைக்குடிக்காரரான உங்களுக்கு நகரத்தார் சத்திரம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; கோதோலியா நாற்சந்திப் பக்கத்தில் 1863-இல் ஏற்பட்டது, அங்கே தங்கினாலே பாதிக் கவலை தீர்ந்தது. விளக்கைப் படித்துறையில் யாரிடமாவது கேளுங்கள், தருவார்கள். ஆள் சேரச் சேர அவர்களுக்கும் சந்தோஷம்.

எங்கள் படிகளில் நடப்பதைச் சொல்கிறேன். காலையிலேயே புது அகல்களை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் புது மண் எண்ணெயைக் குடித்துவிட்டுத் திரியைப் பட்டினி போடும். மத்தியானம் மூன்று மணிக்குப் படிகளைக் கழுவிக் கோலம். நாங்கள் இழைக்கோலம் போட, ரெண்டு படி தள்ளி வங்காளி வீட்டுப் பெண்கள் அல்பனா போடுவார்கள். இரு தரப்பும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். பிறகு பையன்கள் தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, அதில் கடுகெண்ணெய் நிரப்பி, வரிசையாகக் குனிந்துகொண்டே பீய்ச்சிப் போவார்கள். பின்னாலேயே ஒருத்தர் திரி, அவருக்குப் பின்னால் ஒருத்தர் திரியின் நுனியை எண்ணெயில் நனைத்து முறுக்கிவிட.

வைக்கிற இடத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் படியின் விளிம்பில், அழகாகத் தெரியட்டும் என்று வைப்பார்கள். ஆற்றுக் காற்று ஒரு வீச்சில் வரிசையையே அணைத்துவிடும். படியின் உள்பக்கம், மேல்படியின் சுவரோடு ஒட்டி வைத்தால் நிற்கும். மெழுகுவத்தியால் ஏற்றிக்கொண்டு போகிறபோது புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பட்டு, நைலக்ஸ் கட்டவே கட்டாதீர்கள், பருத்திதான். கீழ்ப்படியில் ஏற்றிய விளக்கு உங்கள் முழங்காலுக்கு நேரே எரிந்துகொண்டிருக்கும் என்பது மேல்படிக்குக் குனியும்போது மறந்துபோகும்.

தண்ணீரில் விட இலைத்தொன்னையில் பூவும் விளக்கும் வைத்து விற்பார்கள். தெர்மோகோல் தட்டு நீட்டினால் வாங்காதீர்கள்.

*

"மணிகர்ணிகாவில் அன்றும் தகனம் நடக்குமா? பண்டிகை நாளில் அதைப் பார்ப்பது தோஷமில்லையா?"
– ஒரு வாசகர், சென்னை

நடக்கும். மணிகர்ணிகாவிலும் ஹரிச்சந்திராவிலும் எந்தப் பண்டிகைக்கும் நிறுத்தமில்லை. எங்கள் அனுமான் காட்டிலிருந்து கேதாருக்குக் கரையோடு நடந்தால் ஹரிச்சந்திராவைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு இடப் பக்கமும் வலப் பக்கமும் அகல் வரிசை எரியும், நடுவில் சிதை எரியும். மூங்கில் பாடையோடு வருகிறவர்களுக்குக் கூட்டம் தானாக விலகி வழி விடும். மைக்கில் பஜனை ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், அவர்களும் வருத்தப்பட மாட்டார்கள்.

தோஷம் பற்றி சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். நான் சொல்ல முடிவது, போட்டோ எடுக்காதீர்கள், நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அவர்கள் அப்பாவையோ அம்மாவையோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

*

"இது உண்மையிலேயே புராதனத் திருவிழாவா, சுற்றுலாவுக்காகக் கிளப்பிவிட்டதா? இத்தனை எண்ணெயும் பட்டாசும் கங்கைக்கு நல்லதா?"
– ஒரு வாசகர், திருநெல்வேலி

உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் இப்படித்தான் நறுக்கென்று கேட்பார்கள். இரண்டும் உண்மை. கார்த்திகை மாதக் கங்கா ஸ்நானம், ஆகாச தீபம், ஹஸாரா ஏற்றுவது எல்லாம் பழையவை. அஸ்ஸியிலிருந்து ராஜ்காட் வரை ஒரு படி விடாமல் விளக்கு என்கிற இந்தப் பெரிய ரூபம் 1980-களில் பஞ்சகங்காவில் சிலர் முனைந்து தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. என் மாமியார் புதுப்பெண்ணாக வந்த காலத்தில் இந்தக் கூட்டம் கிடையாது; விடியலில் ஸ்நானம், சாயங்காலம் வீட்டுக்கு நாலு விளக்கு, அவ்வளவுதான் என்பார். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2020-இல் பிரதமர் வந்தார். இப்போது பத்து லட்சத்துக்கு மேல் விளக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். கூட்டத்தில் அரைவாசிப் பேர் அன்று காலை வந்து மறுநாள் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் சந்தில் விளக்கேற்றுகிறவர்கள் யாரும் சுற்றுலாத் துறைக்காக ஏற்றவில்லை. பத்து நாள் முன்னாடியே திரி திரித்துவைக்கிற கிழவிகளுக்கு அந்தத் துறை இருப்பதே தெரியாது.

எண்ணெய் விஷயம்: மறுநாள் காலை படிகள் பிசுபிசுவென்று வழுக்கும், காகிதமும் வாடிய சாமந்தியும் ஒதுங்கிக் கிடக்கும். விடிவதற்குள் ஏழைப் பிள்ளைகள் அகல்களில் மிஞ்சிய எண்ணெயைப் பாட்டிலில் வடித்துக்கொண்டு போவார்கள். யார் வீட்டு அடுப்புக்கோ ஆகட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பட்டாசு எனக்குப் பிடிக்காது. எட்டு மணிக்கு மேல் நிலாவே தெரியாமல் புகை மூடிவிடுகிறது. ஆனால் ஒரு ராத்திரி எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அஸ்ஸி ஆறு எந்தக் கோலத்தில் கங்கையில் வந்து விழுகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். பெயர்தான் ஆறு, ஓடுவது சாக்கடை. வருணை ஆறும் பெரிய ஒழுங்கில்லை. அவை 365 நாளும் கலக்கின்றன.

*

"மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. அழைத்து வரலாமா? ஆசைப்படுகிறார்."
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ஆசைப்படுகிறாரென்றால் அழைத்து வாருங்கள், ஆனால் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து கோதோலியா பக்கம் வண்டி எதுவும் விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் தூரத்திலேயே இறக்கிவிட்டுவிடுவார், அங்கிருந்து கூட்டத்தோடு நடை. கரைக்கு ஐந்து நிமிஷ நடையில் தங்குமிடம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சந்துகளில் பல இடங்களில் கிடையாது.

படிகள் செங்குத்து, உயரமும் ஒன்றுபோல இருக்காது. மழைக்காலத்தில் ஆறு ஏறி இறங்கிய பிறகு வண்டல் மண் ஆளுயரத்துக்குப் படிந்துவிடும். குழாய் வைத்துப் பீய்ச்சித்தான் கழுவித் தள்ளுவார்கள், சில படித்துறைகளில் நவம்பரிலும் மிச்சம் இருக்கும். அவரைக் கீழே இறக்கவே வேண்டாம். மேல்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்த்திவையுங்கள். நம் தெரு ஆட்களைக் கேட்டால் நாற்காலி வந்துவிடும். கீழே இருப்பவர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஸ்நானம் மறுநாள் காலை, கூட்டம் வடிந்த பிறகு, சொம்பில் எடுத்துவந்து தலையில் விட்டால் போதும். கங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், கால் உறை எடுத்துவாருங்கள். நாகர்கோவில் உடம்புக்கு இந்த ஊர் நவம்பர் ராத்திரி குளிரும். அவர் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றை அவர் இடுப்பில் செருகிவிடுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும்.

*

"எந்த ரயில்? என்ன சாப்பிடுவது?"
– ஒரு வாசகர், மதுரை

சுருக்கமான ஆள் போலிருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் வரை காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரிலிருந்து ஓடுகிறது, மதுரை வழியாகத்தான். வாரம் ஒரு நாள்தான், ஆகவே பௌர்ணமியை வைத்துக் கணக்குப் போடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2026 நவம்பருக்குச் செப்டம்பர் 20 வாக்கிலேயே காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு அனுமான் காட், கேதார் பக்கம் இட்லியும் சாம்பார் சாதமும் கிடைக்கும். ஆனால் காசி வரை வந்து இட்லி தின்பானேன்? காலையில் கச்சோரியும் ஜிலேபியும் தின்னுங்கள். குளிர் தொடங்கியிருந்தால் சௌக் கடைத்தெருப் பக்கம் மலாயியோ விற்பார்கள். பாலைக் காய்ச்சி ராத்திரிப் பனியில் வைத்து, விடியலில் கடைந்து எடுத்த நுரை, குங்குமப்பூ நிறம். மண்குவளையில் தருவார்கள், வாயில் வைத்ததும் இருக்காது. பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், அதனால் ராத்திரி விளக்குப் பார்த்த அசதியில் தூங்கிவிடாதீர்கள்.